வால் வெட்டிய ஈஸ்ட்டும் பிரிக்காத பொட்டலமும்

திரும்பத் திரும்ப வரும் ஓர் அழைப்புக்கு ஒருவன் காது கொடுக்காமல் போவது ஊனமா, புத்தியா? தத்துவம் எழுதியவர்கள் இந்தக் கேள்வியைப் பற்று, துறவு என்ற கனமான சொற்களில் கட்டித் தடித்த புத்தகங்களுக்குள் பத்திரமாகத் தொலைத்துவிட்டார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் கற்பிக்கும் முருகானந்தத்தின் வாழ்க்கை அதே கேள்வியை ஈஸ்ட்டை வைத்துக் கேட்டது. பேக்கரியில் மாவு பொங்குவதற்குப் போடுவார்களே, அந்த ஈஸ்ட்தான். கேள்வியின் கௌரவம் கொஞ்சம் குறைந்தது. தெளிவு கூடியது.

முருகானந்தத்தின் அப்பா ராசப்பன் ரிக் வண்டி வைத்து வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டவர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறவர்களை வாழ்நாள் முழுக்க நம்பியவர். மகனின் முனைவர் பட்ட ஆராய்ச்சியை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. அதைப் பற்றி அவர் ஒரே ஒரு முறை கேட்டார்.

"ஈஸ்ட்டுல ரெண்டு வகை இருக்குதுங்கப்பா. ஒண்ணு ஏ, இன்னொண்ணு ஆல்ஃபா. ஏ-வும் ஏ-வும் சேராது. ஏ-வும் ஆல்ஃபாவுந்தான் சேரும்."

"நம்ம குலக் கூட்டமாட்டத்தான். ஒரே கூட்டத்துக்குள்ள நாமளும் பொண்ணெடுக்க மாட்டோமல்லொ."

"கிட்டத்தட்ட அப்பிடித்தானுங்க."

"இத என்னையக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. இதுக்குப் போயி இத்தன வருசமா?"

அதற்குப் பிறகு ஊரில் முருகானந்தத்தின் பெயர் 'ஈஸ்ட்டுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிற வாத்தியார்' என்று நிலைத்தது. தனக்கு இன்னும் கல்யாணம் ஆகாத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்திருக்க முடியாது.

ஊர் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டின் கல்யாணத்தை அல்ல. கல்யாணம் கூடி வராதபோது ஈஸ்ட் என்ன செய்கிறது என்பதை. ஆல்ஃபா செல் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தில் ஒரு சிறு புரதத் துணுக்கைக் கசியவிடும். அதற்கு ஃபெரமோன் என்று பெயர். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஏ செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஃபெரமோன் வந்து ஒட்டியதும் ஏ செல் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடும். இரண்டாகப் பிரிந்து பெருகுவதை நிறுத்தும். உருண்டையாக இருந்தது, அழைப்பு வரும் திசையில் ஒரு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். எதிரே ஆள் இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். ஆள் இல்லாவிட்டால் மூக்கை நீட்டிக்கொண்டே எத்தனை நேரம் நிற்பது?

அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வோர் ஏற்பிக்கும் செல்லின் உட்பக்கமாக ஒரு வால் தொங்குகிறது. அழைப்பு வந்து சற்று நேரத்தில் செல் அந்த வாலில் சில குறிகளைக் குத்தும். குறி விழுந்த ஏற்பியை உள்ளே இழுத்துச் செரித்துவிடும். ஏற்பி உள்ளே கிளப்பிவிட்ட சேதி மேற்கொண்டு ஓடாதபடி வேறொரு புரதம் தடுத்து நிறுத்தும். போதாததற்கு ஏ செல் ஒரு நொதியை வெளியே அனுப்பி, சுற்றியுள்ள ஃபெரமோனையே துண்டுதுண்டாக நறுக்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு. எங்கோ தொலைவிலிருந்து கசிந்து வருவதையெல்லாம் இந்த நொதி துடைத்துவிடுவதால், பக்கத்தில் நிஜமாகவே இருக்கும் ஆளின் அழைப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். செவிடாவதற்குச் செய்த ஏற்பாடு கூர்மையாகக் கேட்பதற்கும் ஆகிறது. பாராட்டுவதற்கு ஒன்று வேண்டுமென்றால் இதைப் பாராட்டலாம். மனிதர்களிடம் இந்த அளவுக்கு எதுவும் கண்ணில் படுவதில்லை.

முருகானந்தத்தின் ஆய்வகத்தில், உறைபெட்டியின் மேல்தட்டில், வால் வெட்டிய ஏற்பியைக் கொண்ட ஓர் ஈஸ்ட் வகை இருந்தது. வாலில்லாததால் குறி குத்த இடமில்லை. குறியில்லாததால் ஏற்பி உள்ளே போகாது. துளி ஃபெரமோன் பட்டாலும் போதும். மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். மற்ற ஈஸ்ட்கள் மனதைத் தேற்றிக்கொண்டு பெருக ஆரம்பித்த பிறகும் அது நிற்கும். மாணவர்களுக்கு அதைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

மாணவர்களுக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. ஈஸ்ட் பரப்பிய தட்டின் நடுவில் ஃபெரமோன் தோய்த்த காகித வில்லையை வைத்து, அதைச் சுற்றி வளர்ச்சி நின்றுபோகும் வட்டத்தை அளப்பதுதான் சோதனை. பக்கத்தில் வெறும் தண்ணீர் தோய்த்த வில்லையோடு இன்னொரு தட்டு இருந்தாக வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர்; வட்டம் ஃபெரமோனால்தான் வந்தது என்று காட்டுவது அதுதான். அது இல்லாமல் யார் வந்தாலும், எவ்வளவு அழகான வட்டத்தோடு வந்தாலும், அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"கன்ட்ரோல் எங்கப்பா?"

"சார், அதுல ஒண்ணும் வராதுங்க சார், தெரிஞ்சதுதானே."

"வராதுன்னு அது சொல்லட்டும். நீ சொல்லாத."

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் வீட்டில் பெண் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் முன்பு பெண் பிறந்த வீடுகளில் என்னென்ன நடந்தது என்பதை இப்போது யாரும் பேசுவதில்லை. பெண் கிடைப்பதில்லை என்பதை மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஆனாலும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் கல்யாணத் தரகர்களுக்கு நல்ல காலம். லாரி புக்கிங் ஆபீசில் லோடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சின்னண்ணன் தொழிலை மாற்றிக்கொண்டார். பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. "ரிட்டன் லோடு கெடைக்காத ரூட்டுங்க இது" என்பார், மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேராகவே.

முதல் பெண்ணைப் பார்க்கப் போனபோது முருகானந்தம் ஏட்டில் உள்ளபடி நடந்துகொண்டார். ஆராய்ச்சியை நிறுத்தினார். புதுச்சட்டை எடுத்தார். மீசையைத் திருத்தினார். சங்ககிரிப் பக்கம் இருந்த அந்தப் பெண் வீட்டின் திசையிலேயே பல நாள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் பெங்களூர் மாப்பிள்ளை ஒருவரை முடித்துக்கொண்ட சேதி வந்த பிறகு மெல்ல உருண்டையானார். அடுத்த பெண்ணுக்கு மூக்கு கொஞ்சம் குறைவாக நீண்டது. அதற்கடுத்த பெண்களுக்குச் சட்டைகூட எடுக்கவில்லை. போகப் போக, அம்மா புகைப்படத்தைக் காட்டினால் "நல்லா இருக்குதும்மா" என்று ஃபோன் திரையைப் பார்க்காமலேயே சொல்லப் பழகினார்.

அம்மா ராமாயி ஈஸ்ட்டைப் போல அவ்வளவு சுலபமாகத் தேறுகிறவர் அல்ல. எந்தச் சம்பந்தம் வந்தாலும் மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் இருக்கும் குலதெய்வத்திடம் பூ கேட்காமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார். வெள்ளை அரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து, நாரால் கட்டி, ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பொட்டலங்களையும் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சாமி சம்மதம். சிவப்பு என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். மீதிப் பொட்டலத்தைப் பூசாரி ஆற்றில் போட்டுவிடுவார். அதை யாரும் பிரிப்பதில்லை. சாமி சொன்ன பிறகு மறுபொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது சாமியையே சோதிப்பது.

கன்ட்ரோல் இல்லாத சோதனை. முருகானந்தத்துக்கு ஒவ்வொரு முறையும் கை அரித்தது. ஒரு நாள் வெள்ளை விழுந்து எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, மீதிப் பொட்டலத்தை "நான் போட்டர்றேனுங்க" என்று பூசாரியிடம் வாங்கிக்கொண்டு படித்துறைக்குப் போனார். அங்கே பிரித்தார். உள்ளே வெள்ளை அரளி.

ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் மட்டும் கேட்டார்:

"ஏம்மா, நம்ம சாமி ஒருக்காகூட செவப்புச் சொல்ல மாட்டீங்குதே?"

"நம்ம மேல அத்தன பிரியம் சாமி அதுக்கு" என்றார் ராமாயி, வெளியே பார்த்துக்கொண்டு.

மகனுக்கு எந்த வழியையும் அடைத்துவிடக் கூடாது என்று, பொட்டலம் கட்டும் தாயே இரண்டிலும் வெள்ளையை வைத்துச் சாமியின் வாலை வெட்டிவைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லவே வழியில்லாத சாமி. முருகானந்தத்துக்கு இந்த ஒப்புமை தோன்றாமல் இருந்திருக்காது. அடுத்தடுத்த முறைகளில் அவர் கோயிலுக்கு வந்தார், கும்பிட்டார், வெள்ளை விழுந்தபோது திருநீறு பூசிக்கொண்டார். மறுபொட்டலத்தின் பக்கம் போகவில்லை.

சௌந்தர்யா வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. சொந்த ஊர் ஆட்டையாம்பட்டி. வேலை நாமக்கல்லில், கோழித்தீவனத்தில் பூஞ்சை நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில். இரண்டு ஜாதகங்களும் பொருந்துவதாகச் சின்னண்ணன் சொன்னபோது முருகானந்தம் வழக்கம்போலத் திரையைப் பார்க்காமல் தலையாட்டினார். பெண் பார்க்கப் போன அன்று பெரியவர்கள் இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஈஸ்ட்டுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறீங்களாமா?"

"ஆமாங்க. எல்லாத்துக்கும் கூடி வர்றதில்ல."

"கூடலைன்னா?"

சொன்னார். ஏற்பி, வால், குறி, நொதி எல்லாவற்றையும். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அவருடைய ஆராய்ச்சியை இறுதிவரை கேட்ட முதல் ஆள் அவளாக இருக்கலாம். நெறியாளர்கூடப் பாதியில் ஃபோன் எடுக்கிறவர்.

"அப்ப உங்க செல்லு, ஆளு இருக்குதோ இல்லியோ, சோலியெல்லாம் உட்டுப்போட்டு மூக்க நீட்டிக்கிட்டு நிக்குமாக்கும்?"

"கொஞ்ச நேரந்தானுங்க. பொறவு தேறிக்கும்."

"நீங்க தேறிட்டீங்களா?"

"ரொம்ப நாளாச்சுங்க."

"நானுந்தான்" என்றாள். "நிறைய பேரு வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போனாங்க. இப்பெல்லாம் எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்டாலே எனக்குக் காது அடைச்சுக்குது." பிறகு துணிக்கொடியிலிருந்து விழுந்த ஒரு கிளிப்பை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு அடைக்கல. அதான் கேட்டேனுங்க" என்றாள்.

மறுநாள் முருகானந்தம் வகுப்பில் பலகையில் எழுதியதையே மறுபடி எழுதினார் என்று மாணவர்கள் சொல்லித் திரிந்தார்கள். சட்டையும் எடுத்தார். இத்தனை வருடம் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த இடத்தில் ஓர் அழைப்பு திசை தெரிந்து கேட்டது. இருவரும் தினமும் ஃபோனில் பேசினார்கள். பேச்சில் பாதி கோழித்தீவனம், மீதி ஈஸ்ட். காதல் என்று இதைச் சொல்ல மனம் கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் அவர்களைத் தவிர வேறு எவராலும் அந்தப் பேச்சைச் சகித்திருக்க முடியாது என்பதால், வேறு என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை.

காரியத்தைக் கெடுத்தது சின்னண்ணனின் வாய். சௌந்தர்யாவின் அம்மா செல்லாயிக்கு இந்த இடத்தில் முழு மனதில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை அவர் கண்ணில் இருந்தான். மாணவர்கள் குறைந்துகொண்டே வரும் படிப்பைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. சின்னண்ணன் சாமியைத் துணைக்கு அழைத்தார்.

"அதெல்லாம் வெசனப்படாதீங்கக்கா. அவுங்க குலசாமி வாக்கு அப்பிடிப்பட்டது. இத்தன எடத்துக்குப் பூக் கேட்டிருக்கறாங்க, ஒருக்காகூட செவப்பு வந்ததில்லீங்க!"

லோடு நல்ல லோடு என்று சொல்லி விற்றுப் பழகிய வாய். செல்லாயி கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார்.

"ஒருக்காகூட வந்ததில்லீங்களா?"

"சத்தியமா இல்லீங்கக்கா."

"அத்தன தடவ சாமி ஒத்துக்கிட்டும் அந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆவுலியே, அது எப்பிடிங்க?" சின்னண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்தார்: "செரி. அவுங்க கோயல்லயே கேக்கலாம். பொட்டலம் நாங்க கட்டிக்கறோம்."

இப்போதுதான் ராமாயிக்குச் சாமியிடம் உண்மையான பயம் வந்தது. அதுவரை சாமி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இனி அவர் சாமி சொல்வதைக் கேட்க வேண்டும். பக்தர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

கோயிலுக்குச் சௌந்தர்யா வரவில்லை. பூ கேட்கும் இடத்துக்குக் கல்யாணப் பெண் வரும் வழக்கம் இல்லை. செல்லாயி மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துச் சாமி முன்னால் வைத்தார். நறுவிசாகக் கட்டியிருந்தார், நார் முடிச்சுகள்கூட ஒன்றுபோல இருந்தன. முருகானந்தத்தின் அக்கா மகள் நித்யஸ்ரீயைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அவள் சிறிது நேரம் மணியைப் பார்த்தாள், பிறகு பூசாரியின் தொப்பையைப் பார்த்தாள், பிறகு ஒன்றை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் இல்லாமல் புழுதிப்புகை மட்டுமே வரும் கிணற்றங்கரையில் அவர் அப்படித்தான் செய்வாராம். ராமாயியின் கண் மீதிப் பொட்டலத்தை விட்டு நகரவில்லை. இரண்டிலும் ஒரே பூவை வைக்க முடியும் என்பது அங்கே இருந்தவர்களில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். மகன் பக்கம் சாய்ந்து, உதட்டை அசைக்காமல் சொன்னார்:

"அதப் பிரிச்சுப் பாரு சாமி."

"எதுக்கும்மா?"

"பாருன்னா பாரு. நீதான் எல்லாத்தையும் பாக்கறவனாச்சே."

முருகானந்தம் பூசாரியிடம் போனார். "நான் போட்டர்றேனுங்க" என்று வாங்கிக்கொண்டார். செல்லாயி அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது என்று ராமாயி பிற்பாடு சொன்னார். வருத்தந்தான் இருந்தது என்று சின்னண்ணன் சொன்னார். இருவருமே நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. முருகானந்தம் படித்துறையில் இறங்கினார். தண்ணீர் வரை போனார். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

சௌந்தர்யா அன்று சாயங்காலமே கூப்பிட்டாள்.

"இன்னொண்ணு உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு சின்னண்ணன் சொன்னாரு. பிரிச்சீங்களா?"

"இல்லீங்க."

"பிரிங்க. அதுலயும் செவப்பு இருந்துச்சுன்னா எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். அப்பறம் அது வாயே தொறக்காது. வெள்ளையா இருந்துச்சுன்னா... வெள்ளையா இருந்தாலும் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சுக்கலாமல்லொ."

"செரிங்க."

"உங்க பசங்ககிட்ட கன்ட்ரோல் கன்ட்ரோல்னு உசுர எடுப்பீங்களாமா. இப்ப என்னங்க வந்துச்சு?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். மறுநாளும் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். "நானே வந்து பிரிக்கட்டுங்களா?" என்றும் ஒரு முறை கேட்டாள். அதற்கு அவர் உறைபெட்டியின் வெப்பநிலையைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு கூப்பிடுவதை. தை மாதத்தில் கோயம்புத்தூர்க்காரருக்கு முடிவானது. பத்திரிகை வைக்கச் சின்னண்ணனேதான் வந்தார். அந்த லோடும் அவர் பிடித்ததுதான்.

பொட்டலம் ஆய்வகத்து உறைபெட்டியில், மேல்தட்டில், வால் வெட்டிய ஈஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே தேதி மட்டும் எழுதியிருந்தார். இதைக் கேள்விப்பட்ட சிலர், பெண்ணின் தாயைக் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை என்று முருகானந்தத்தைப் பாராட்டினார்கள். அவசரம். உள்ளே வெள்ளை இருந்திருந்தால் காட்டிக்கொடுக்க அங்கே யாருமே இல்லை. கோழைத்தனம் என்றார் ராசப்பன். அதுவும் அவசரம். கோழை என்றால் அன்றைக்கே ஆற்றில் போட்டிருப்பார்.

போன கோடையில் உறைபெட்டியின் கம்ப்ரசர் போய்விட்டது. மெக்கானிக் சேலத்திலிருந்து வர வேண்டும். அதற்குள் ஈஸ்ட் வகைகள் இருந்த சிறு குழாய்களைக் காப்பாற்ற ஒரே ஒரு தெர்மக்கோல் பெட்டியும், கல்லூரிக்கு எதிரே உள்ள ஜூஸ் கடையின் ஐஸும்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் இடமில்லை, எதை எடுக்க, எதை விட என்று மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். முருகானந்தம் முதலில் பொட்டலத்தை எடுத்து ஐஸில் வைத்தார். அது உட்கார்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டிய குழாய்கள், பல வருட உழைப்பு, மேசையின் மேல் வியர்த்துக்கொண்டு நின்றன.

மாலையில் பெட்டியைத் திறந்தபோது இலை கறுத்துக் குழைந்திருந்தது. நார் நெகிழ்ந்து ஒரு மூலை விரிந்திருந்தது. கொஞ்சம் குனிந்தால் உள்ளே என்ன நிறம் என்று தெரிந்துவிடும்; பக்கத்தில் நின்ற மாணவி குனியத்தான் போனாள். முருகானந்தம் அதை உள்ளங்கையால் மூடினார். மேசை இழுப்பறையிலிருந்து நூல் எடுத்து வரச் சொன்னார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்களால் தடவித் தடவி மூலையை மடித்து, மறுபடியும் இறுகக் கட்டினார்.